ஆள் ஒண்ணு, நிழல் ரெண்டு

— ‘தனிமையின் துயரம்’னு போட்டா என்னடி?

— போடு. உலகத்துல இருக்கற எல்லாப் படத்துக்கும் அதையே போடு. ஒரு பொம்பள வெளியில தனியா நின்னா துயரமா? காத்து வாங்க நிக்கக் கூடாதாக்கா?

— என்மேல ஏன் பாயற? படம் வரையறது நான், குறிப்பு எழுதறது நீ. அப்படித்தானே பேச்சு? பட்டம் வாங்கினவ நீ. நான் கடைக்குக் கடை போர்டு எழுதறவ.

— ஆரம்பிச்சிட்டியா...

— படத்தை எடுத்துட்டுப் போக வண்டி வந்துடும்டி. கண்காட்சிக்காரங்க நாலு வரி கேட்டாங்க. வானம் ஏன் சாம்பல், மரம் ஏன் மொட்டை, அவ ஏன் முதுகைக் காட்டறான்னு...

— சரி, ஏன் முதுகு?

— என் மூஞ்சியை எனக்கு வரைய வராது.

— இதை எழுதட்டுமா?

— எழுதித் தொலை.

— வானம்?

— நீலம் தீந்துபோச்சு.

— நல்ல குறியீடு! மரத்துக்கு இலை போட நேரமில்ல, அதானே? இரு... இங்க வாக்கா. தரையில ரெண்டு நிழல் இருக்கு.

— எங்க?

— தெரியாத மாதிரி கேக்காத. ஆள் ஒண்ணு, நிழல் ரெண்டு.

— அது... ஏதாவது அர்த்தம் சொல்லி எழுதிக்கோ. படிச்சவங்க நம்புவாங்க.

— பக்கத்துல புல்லு மட்டும் மேடு தட்டுது. மேல பூசியிருக்க. இங்க ஒருத்தி நின்னிருக்கா.

— கையை எடு! இன்னும் சரியா காயல.

— காயலையா? அப்ப நேத்துதான் அழிச்சிருக்க. யாரை?

— விடுடி. வண்டி சத்தம் கேக்குதா பாரு.

— இடுப்புல கை வெச்சிட்டு நிக்குது நிழலு. நம்ம வீட்ல யாரு அப்படி நிப்பா?

— சண்டைக்கு நிக்கறவ நிப்பா.

— என்னை எதுக்கு அழிச்ச? உன் முதல் படத்துல நான் இருந்தா கேவலமா?

— லூசு மாதிரி பேசாத.

— பின்ன? பாரமா உனக்கு நான்? சொல்லு. சொல்லாம இந்தப் படம் வாசலைத் தாண்டாது.

— நீ முதல்ல சொல்லு.

— நான் என்ன சொல்லணும்?

— உன் தலகாணி உறையைத் துவைக்க உருவினேன். அப்பாயின்மென்ட் ஆர்டர் விழுந்துச்சு. வெளிநாடு... மூணு வருஷம்.

— அக்கா... நான் இன்னும் போறேன்னு சொல்லல. நீ ஒத்தையில எப்படி...

— போயிட்டு வாடி. நீ இல்லாம நின்னு பாத்துட்டேன்... நிக்க முடியுது.