அக்காவுக்கு வாசித்த கடிதங்கள்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஆக்லாந்து, மவுண்ட் ஆல்பர்ட். மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு துருக்கித் தொடரின் முதல் பாகம் தொடங்கியது. மொத்தம் நூற்று அறுபத்திரண்டு அத்தியாயங்கள்.

உங்கள் விசாரணைக்குக் கடிதங்களைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். ஆனால் தொடரைச் சொல்லாமல் கடிதங்கள் விளங்காது. தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அவர் நேர்மையானவராக இருப்பார் என்று நம்புகிறேன்.

என் பெயர் கிளெமென்ட். வயது அறுபத்தைந்து. கொழும்பில் ஒரு நாளிதழில் பத்தொன்பது ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தேன். இங்கே வந்து ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றேன். மனைவி இறந்தபின் என்னுடன் இருந்தவள் ராசமணி அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்குக் கண் அழுத்த நோய். ஓரப் பார்வை போய்விட்டது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். ஆங்கிலம் வாசிக்க வராது.

மருத்துவமனைக்கு முதன்முதல் போனபோது, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று தாதி கேட்டாள். அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“என்ர தம்பி பேப்பரில இருந்தவன். எனக்கேன் வேற ஆள்? வேண்டாமெண்டு சொல்லு.”

சொன்னேன். தொடர்புக்கு என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

தொடரை வாரத்தில் நான்கு நாள் பார்த்தோம். இஸ்தான்புல்லில், கடற்கரையோரம் ஒரு பெரிய மாளிகை. எலிஃப் என்ற மருமகள், நெர்மின் என்ற மாமியார். எலிஃபுக்கு வரும் கடிதங்களை நெர்மின் எடுத்து அலுமாரியில் ஒளித்து வைக்கிறாள். அக்கா முகங்களைப் பார்ப்பாள். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசனங்களை நான் தமிழில் வாசிப்பேன். ஏழெட்டுப் பேருக்கும் ஏழெட்டுக் குரல். மனைவி போனபின் அந்த வீட்டில் நான் அவ்வளவு கதைத்ததில்லை.

ஒருநாள் எலிஃப் தெற்கே இஸ்கெண்டருன் நகரத்துக்குப் போனாள். என்னிடமிருந்த அலெக்சாண்டர் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து, அது அலெக்சாண்டரின் பெயரைச் சுமக்கும் ஊர் என்று அக்காவுக்குச் சொன்னேன். துருக்கியர் அங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அது பாரசீகரின் நிலம். அதற்குப் பக்கத்திலிருக்கும் சமவெளியில்தான் பாரசீகப் பேரரசன் டேரியஸ் அலெக்சாண்டரிடம் தோற்றுத் தேரை விட்டு ஓடினான். தாயும் மனைவியும் பிள்ளைகளும் கூடாரத்தில் அகப்பட்டார்கள். அக்காவுக்குத் தொடரைவிட இது பிடித்துப்போனது.

“அந்தத் தாய் மனுசியை என்ன செய்தவன்?”

“அம்மா எண்டு கூப்பிட்டவன், அக்கா. அரசிமாதிரியே வைச்சிருந்தவன்.”

“திருப்பி அனுப்பேல்லையோ?”

“இல்லை. நல்லாய்த்தானே பார்த்தவன்.”

“நல்லாய்ப் பார்த்தா விடத் தேவையில்லையோ? நல்ல நியாயமடா உங்கட ராசாக்களுக்கு.”

டேரியஸ் குடும்பத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினான். அலெக்சாண்டர் அந்தக் கடிதத்தை மறைத்து, தானே வேறொன்றை எழுதிச் சபையில் காட்டினான் என்று ஒரு பழைய வரலாற்றாசிரியர் சொல்கிறார். அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. நம்பத்தகாத செய்தி என்று ஒதுக்குவோரும் உண்டு.

மே மாதம் மருத்துவமனையிலிருந்து முதல் கடிதம் வந்தது. அக்காவின் மகள் அஞ்சலினா மெல்போர்னில் இருக்கிறாள்; நவம்பரில் அவளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. அந்த வாரம் முழுக்க அக்காவுக்கு அதே கதை.

“ஒப்பரேஷன் முடிஞ்ச கையோட பிள்ளையிட்டப் போயிடுவன் தம்பி. இருக்கிற பார்வை இருக்கேக்கை குழந்தையின்ர முகத்தைப் பார்த்திடவேணும்.”

“அங்கயே இருந்திடுவியளோ?”

“பின்னை? நீ உன்ர அலெக்சாண்டரோட இரு.”

கடிதத்தில் ஜூன் 11 என்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் அதை மேசை விளக்கின் கீழ் பிடித்து, நிதானமாக, உரத்து வாசித்தேன்: காத்திருப்போர் பட்டியல் நீளமானது, எட்டு மாதம் ஆகலாம், தாமதத்துக்கு வருந்துகிறோம். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் கடிதம் வருகிறது. அக்கா தலையாட்டினாள்.

“பாவம், அவையளும் என்ன செய்யிறது.”

தொடரில் இன்னும் நூற்றிருபதுக்கு மேல் அத்தியாயங்கள் இருந்தன.

ஏன் வரவில்லை என்று ஜூலையில் ஒரு கடிதம். செப்டெம்பரில் ஒன்று. இரண்டையும் முதல் கடிதத்தைப்போலவே வாசித்தேன். பிறகு தாதி தொலைபேசியில் கேட்டாள். அக்கா மெல்போர்ன் போய்விட்டாள் என்றேன். போக விரும்பியவள்தானே. அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் நானே விட்டேன். அவள் கதவு நிலையில் முட்டத் தொடங்கியபோது நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். ஒக்டோபரில், திரையில் யார் பேசுவது என்று அவள் கேட்கத் தொடங்கினாள். அதன்பின் வசனத்தோடு முகங்களையும் நானே சொன்னேன். எனக்கு வேலை கூடியது. களைப்பாகத்தான் இருந்தது. நான் முறையிடவில்லை.

நவம்பரில் குழந்தை பிறந்தது. படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பிடித்தேன். அக்கா அதை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனாள்.

“என்னைப்போலவோ தம்பி?”

ஓம் என்றேன்.

டிசம்பரில் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம். எலிஃப் அலுமாரியைத் திறந்து கடிதங்களைக் கண்டுபிடிக்கிறாள். நெர்மின் காலில் விழுந்து அழுகிறாள். எலிஃப் ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறுகிறாள். பேச்சு இல்லாததால் திரையின் அடியில் வசனமும் இல்லை. நான் ஒரு வசனம் வாசித்தேன்: “அன்பினால் செய்தீர்கள், அம்மா. மன்னித்துவிட்டேன்.”

அக்கா, “விசரி. நானெண்டா மன்னிக்கமாட்டன்” என்றாள்.

ஜனவரியில் அஞ்சலினா குழந்தையோடு வந்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். அக்கா அவளிடம், பாரசீகத் தாய்க்குக் கடைசியில் என்ன நடந்தது என்று தம்பி சொல்லவேயில்லை, அந்த அலெக்சாண்டர் புத்தகத்தை எடுத்து வாசி என்றிருக்கிறாள். மூன்று கடிதங்களும் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தன. எதையும் எறியும் பழக்கம் எனக்கில்லை.

திரும்பி வந்தபோது அஞ்சலினா கடிதங்களை மடியில் வைத்திருந்தாள். அக்கா குழந்தையின் முகத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அந்த முதலாவது கடிதத்தை இன்னொருக்கா வாசி,” என்றாள்.

நான் வாசிக்கவில்லை. அஞ்சலினா வாசித்தாள்.

டேரியஸின் தாய்க்கு நடந்தது இதுதான். அலெக்சாண்டர் இறந்த செய்தி கேட்டு, உணவை மறுத்து, ஐந்தாம் நாள் இறந்துபோனாள். தன்னைச் சிறைபிடித்தவனுக்காக. அதை நான் முன்பே சொல்லியிருந்தால் அக்கா என்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: கடிதங்களைத் தெரிந்தே மாற்றி வாசித்தேன். தெரிந்தே தாதியிடம் பொய் சொன்னேன். ஜூனில் அறுவை நடந்திருந்தால் இருந்த பார்வையாவது மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

அக்கா பெப்ரவரி 2 அன்று மெல்போர்ன் போனாள். அங்கே எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவளுக்கு வாசித்துச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கும் என்பதுதான் என் கவலை. என் எண்ணை அஞ்சலினா தடுத்துவிட்டாள்.

இரண்டாம் பாகம் போன திங்கட்கிழமை தொடங்கியது. மாலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன். வசனங்களை உரத்து வாசிக்கிறேன்.