குழிக்குச் சொந்தக்காரன்

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் தேயிலை பறிக்கும் மகளிர் குழுவின் தலைவி, தளர்வறியா நெஞ்சத்தார் ஜானகி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து மூடுபனிக்கும் முகம் சுளிக்காத ஊர்ப் பெரியோர்களே! வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் ஓய்வையும் இந்த விழாவுக்குத் தந்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! காலில் ஒட்டிய கேரட்டுக் காட்டுச் சேறு காயுமுன்னே வந்து சேர்ந்த உழவர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் குமாரசாமி கரம் குவித்துச் சொல்கிறேன், வணக்கம்.

சோலூரைச் சுற்றியுள்ள காடுகளில் நாற்பத்தொன்றாவது நீர்க்குழிக்கும் இன்று காலை மூடி போட்டு முடித்துவிட்டோம். கோடையில் கேரட்டுக்குப் பாய்ச்ச மழைநீர் சேர்க்கும் குழிகள்தாம். ‘இதற்கா விழா? நீங்கள் என்ன அணையா கட்டிவிட்டீர்கள்?’ என்று என்னை ஒருவர் கேட்டார். விழுந்தவனைத் தூக்கினால் ஊர் கூடும், படம் எடுக்கும், பாராட்டும். விழாமல் காத்தால்? விழாதவனுக்கே தெரியாதே, தான் காக்கப்பட்டவன் என்று! அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெற்றிக்குத்தான் இந்த விழா.

இந்த வெற்றியின் வேர் நானல்ல. இதோ, முன்வரிசையின் மூலையில், தலையில் சிறு தொப்பியுடன், என் பேச்சு எப்போது முடியும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர். ஊட்டியில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் எலியாஸ். கொச்சியிலிருந்து இந்த மலைக்கு வந்த யூதக் குடும்பத்தின் பிள்ளை. அவரைப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே நான் என்னை இகழப் போகிறேன். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடும்.

என்னுடைய கீழ்க்காட்டை ஒரு காலத்தில் எலியாஸ் குத்தகைக்கு எடுத்து கேரட்டு போட்டிருந்தார். அப்போது அவர் வெட்டியதுதான் அந்தக் குழி. பன்னிரண்டு அடி ஆழம். குத்தகை முடிந்தது, அவர் ரொட்டி சுடப் போய்விட்டார், குழி என்னிடம் தங்கிவிட்டது. விளிம்பெல்லாம் புல் மூடி, பகலிலேயே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. யாருக்கும் கேடில்லை.

போன ஆண்டு மழையில் மண் சரிந்தது. எஸ்டேட்டுக்குப் போகும் பழைய பாதை பள்ளத்தோடு போயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் நாற்பது பேர் என் காட்டு வழியாக நடக்கத் தொடங்கினார்கள். குழிக்கும் காலடிக்கும் இடைவெளி நான்கு அடி. அதுவும் ஜூன் மாத மூடுபனியில்! நீட்டிய கை நமக்கே தெரியாத பனியில்!

அவர்களில் ஒருவர் கருப்பம்மா. ஊட்டிக்குப் போனவர் எலியாஸின் கடையில் ரொட்டி வாங்கினார். பேச்சோடு பேச்சாக, அவருடைய பழைய குழிக்குப் பக்கத்திலே நடக்கையில் நெஞ்சு பதறுகிறது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை மனிதர் என் வீட்டு வாசலில் நின்றார். தன் கையாலேயே சுற்றுச்சுவர் எழுப்பி, மேலே இரும்பு மூடி போட அனுமதி கேட்டார்.

நான் என்ன செய்தேன்? வரவேற்றேனா? வாழ்த்தினேனா? நிலத்தில் கை வைக்க வந்துவிட்டான் என்று நினைத்தேன். இன்றைக்குச் சுவர் கட்டுவான், நாளைக்கு என் காடு என்பான் என்று கணக்குப் போட்டேன். “குத்தகை முடிஞ்சு நாலு வருசமாச்சுங்க. உங்களுக்கு இங்க என்ன வேல?” என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். “குத்தகைதானுங்க முடிஞ்சுது. எங்க சட்டத்துல ஒண்ணு இருக்குதுங்க. குழி வெட்டுனவன் மூடாம விட்டு, அதுல ஒரு மாடு விழுந்தா, அவன்தான் பதில் சொல்லணும். மாட்டுக்கே அப்படின்னா மனுசருக்கு?”

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! அடித்தால் குற்றம், திருடினால் குற்றம் என்று எல்லாரும் சொல்வார்கள். நீ திறந்துவிட்டுப் போனதும் உன் குற்றம், நீ கண்டும் மூடாததும் உன் குற்றம் என்கிறது யூதர்களின் அறம். மாடி வைத்து வீடு கட்டினாயா, யாரும் விழுந்துவிடாதபடி கைப்பிடிச் சுவர் எழுப்பு என்கிறது. அவர்களிலே முற்காலத்துப் பெரியோர், உடைந்த கண்ணாடியைத் தம் வயலிலே மூன்று கையகல ஆழம் தோண்டிப் புதைப்பார்களாம். தெருவில் எறியாததோடு நின்றார்களா? அடுத்தவன் ஏர் ஓட்டினாலும் கீறக்கூடாது என்று ஆழம் பார்த்துப் புதைத்தார்கள். தீங்கு செய்யாதே என்பது எளிது. தீங்கு நேராமல் பார்த்துக்கொள் என்பதல்லவா கடமை!

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தினேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சண்டை போடவில்லை, புகார் கொடுக்கவில்லை. மறுநாள் விடியலில் ரொட்டி சுட்டு முடித்த கையோடு ஸ்கூட்டரில் வந்து, குழியருகே பாதையில் நின்றார். டார்ச்சை அடித்தார். வரும் ஒவ்வொரு பெண்ணையும் வலது பக்கமாகப் போகச் சொன்னார். நாற்பது பேரும் கடந்த பிறகு ஊட்டிக்குத் திரும்பினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

என்ன இசக்கி, பின்னாலிருந்து என்னமோ கேட்கிறீர்களே? சனிக்கிழமையா? நல்ல கேள்வி. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், வண்டி ஓட்ட மாட்டார். அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன்னே ரொட்டிப் பையோடு வந்து, நம் ஒச்சப்பன் வீட்டில் தங்கிவிடுவார். காலையில் நடந்தே போய் நிற்பார். அன்றைக்கு டார்ச் கிடையாது, குரல்தான். இருபத்திரண்டு நாள் இப்படி. என் காட்டில், என் குழிக்கு, என் சன்னலுக்கு நேர் எதிரே!

இருபத்து மூன்றாம் நாள், ஆறு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. எலியாஸ். குரல் கம்மியிருந்தது. “காய்ச்சலுங்க, எந்திரிக்க முடியல. ஆறரைக்கு அவங்க வருவாங்க. இன்னைக்கு ஒரு நாள் நீங்க நின்னீங்கன்னா போதுமுங்க.” நான் பட்டென்று வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேன், உட்கார முடியவில்லை. சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர் போலப் பனி. என்னை யார் தள்ளினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது, செருப்பு கூடப் போடாமல் ஓடினேன்.

குழியருகே நின்று, வலது பக்கமாகப் போகச் சொல்லிக் குரல் கொடுத்தேன். வழக்கமாக வருகிறவர்கள் பழகிவிட்டார்கள், குரல் கேட்டதும் விலகிப் போனார்கள். கடைசியாக ஒரு காலடி ஓசை, வேகமாக. அது சரிதா. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள். பாதை மாறியது அவளுக்குப் புதிது. காலடி இடப்பக்கம் திரும்புவதைக் காதால்தான் கண்டேன். “நில்லு தாயி, அங்கயே நில்லு” என்று கத்தினேன். நின்றாள். அவள் காலடியிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, கீழே தண்ணீரில் அது விழுந்த ஓசை.

அவையோரே, அந்த ஓசையைக் கேட்டவன் நான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும் மூச்சு வாங்கியது. பிறகு கேட்டாள்: “ரொட்டிக்கடைக்காரருங்களா? அக்கா சொல்லிச்சு, இங்க நிப்பாருன்னு.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பனியில் முகம் தெரியாது. ஆனால் நான் சொன்னேன்: “இல்ல தாயி. குழிக்குச் சொந்தக்காரன்.”

என் வாழ்நாளில் பத்திரம் எழுதி வாங்கிய சொத்து பல. வாய் திறந்து ஏற்றுக்கொண்ட முதல் சொத்து அதுதான்!

அன்று மாலையே ஊட்டிக்குப் போனேன். கம்பளி போர்த்திப் படுத்திருந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரோ அதைக் காதிலேயே வாங்கவில்லை. எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டார். சேர்ந்தார்கள் என்றேன். அப்படியானால் சுவருக்குக் கல் எங்கே எடுப்பது என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சு!

காய்ச்சல் விட்டதும் இருவரும் சேர்ந்து கட்டினோம். இடுப்பளவு சுவர், மேலே இரும்பு மூடி. மூடியைப் பற்றவைத்தவர் நம் சரத். அதோடு நிற்க மனம் வரவில்லை. ஒவ்வொரு காடாக ஏறி இறங்கினோம், இன்னும் நாற்பது குழிகள் வாய் பிளந்து கிடந்தன. நிலத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள்? ‘இத்தனை வருசமா யாரும் விழல.’ ‘என் காட்டுல யாரை நடக்கச் சொன்னது?’ ‘வெட்டினது எங்கப்பா, நானில்ல.’ சிரிக்காதீர்கள் ஐயா, அந்தச் சாக்குகள் அத்தனையும் நான் பெற்று வளர்த்த பிள்ளைகள்! அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது. பதில் போதாத இடத்தில் ஜானகி அம்மையாரும் நாற்பது பெண்களும் கல் சுமந்துகொண்டு போய் வரப்பில் நின்றார்கள். கல்லோடு நிற்கும் பெண்களைப் பார்த்து மறுத்துப் பேச எவருக்கு வாய் வரும்?

குழிகள் நாற்பத்தொன்றும் மூடப்பட்டன! விழுந்தவர் எவருமில்லை! வருந்தும் வீடு ஒன்றுமில்லை! எம்மதத்தார் ஏட்டில் இருந்தால் என்ன, அறம் நம் மலையேறி வந்தது. நம் மண்ணில் கல்லாய், சுவராய், காவலாய் நின்றுவிட்டது. உங்கள் முற்றத்தில் திறந்து கிடப்பது எது? அறுந்து தொங்கும் மின்கம்பியா? ஆட்டம் காணும் மதில் கல்லா? பாதையில் வீசிய பாட்டில் துண்டா? யாரும் அடிபடுமுன்னே எழுந்து போங்கள். எவன் வைத்தது என்று கேட்காதீர்கள். கண்டவர் கை கொடுத்தால் கடமை நிறைவேறும்!

நேற்றுக் காலையும் பனிதான், அதே வெள்ளைச் சுவர்தான். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். நாற்பது பெண்கள் என் காட்டைக் கடந்து போனார்கள், யார் வீட்டுச் சீமந்தத்துக்கோ என்ன சீர் வைப்பது என்று ஓயாமல் பேசிக்கொண்டே. ஒருவர் பேச்சும் குழியருகே நிற்கவில்லை.

கல் சுமந்த கைகளுக்கு நன்றி. இரும்பு பிணைத்த கைகளுக்கு நன்றி. தூறலிலும் எழுந்து போகாமல் ஒரு குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்டு முடித்த உங்களுக்கு நன்றி. எவருக்கும் இடறலில்லாத வழியாக இந்த மலையின் வழிகளெல்லாம் விளங்கட்டும் என்று வாழ்த்தி, விடைபெறுகிறேன். வணக்கம்.