மாதா ரோட்டில் இறங்குவதற்கு

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். மாதா கோயில் திருநாள் பவனியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்த அன்ரி, பக்கத்திலிருந்தவர் நீட்டிய நகரசபைப் படிவத்தைத் தள்ளிவிட்டு அவரிடம் சொன்னார்:

“எங்கட மாதா ரோட்டிலை இறங்கிறதுக்கு சிற்றியிட்டைப் பெர்மிட் கேட்டு நான் சைன் வைக்கமாட்டன், அண்ணை. ஃபாதர் ஓம் எண்டிட்டார். அது போதாதே?”

“ஃபாதரின்ர சொல் கோயில் பாக்கிங் லொட் வரைக்குந்தான் எடுபடும். முந்தி இஞ்சை அரசாங்கமே மாதாவுக்குப் பவனி எடுக்காத இங்கிலிஸ்காரரின்ர கோயிலுக்குக் காணி ஒதுக்கினது. பிறகுதான் சட்டம் போட்டு அரசாங்கத்தையும் கோயிலையும் பிரிச்சவை.”

“பிரிச்சது பிழை.”

“பிரிக்காமல் விட்டிருந்தால் சிற்றியும் அந்த இங்கிலிஸ் கோயில்காரரின்ர கையிலைதான். எங்கட மாதாவை ரோட்டிலை விட்டிருப்பினமோ?”

இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. அன்ரி கைப்பைக்குள் பேனையைத் தேடினார்.

“எந்த இடத்திலை சைன் வைக்கவேணும்?”