ஃபிங்க் காரின் கதவு

அன்பான வாசகர்களே, எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலியெல்லாம் எப்படி இருக்கிறது? ஆல்டன்ரோடெயில் இந்த வருடம் மழை விட்டபாடில்லை, என் இடது முழங்கால் வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. ஹெல்வாக் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் எல்லோருக்கும் முழங்காலும் முதுகும்தான் மிச்சம். வேறு என்ன மிஞ்சியது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

போன மாதம் நம் பழைய தொழிலாளர் சங்கத்து இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தொழிற்சாலை மூடியதற்கு யார் காரணம் என்று. சீனாக்காரர்கள், மின்சார விலை, டீசல் புகை மோசடி வழக்கு, பெர்லின் அரசாங்கம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு எனக்குச் சங்கடமாகப் போயிற்று. இவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செய்யாத காரியத்தை ஒருவர் தலையில் கட்டுவது தப்பில்லையா? தொழிற்சாலையை மூட வைத்தது நான்தான். கெர்லிண்ட் ஓல்டர்மான், கதவுச் சத்தப் பிரிவு, இரண்டாம் மாடி, காபி இயந்திரத்துக்கு எதிர் அறை. மறந்திருக்க மாட்டீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு புதுக் காரிலும் கதவைச் சாத்தும்போது என்ன சத்தம் வரவேண்டும் என்று முடிவு செய்வது நான். ஹெல்வாக் கார்க் கதவு சாத்தினால் நிறைந்த அரிசி மூட்டையைத் தரையில் இறக்கிய மாதிரி ஒரு சத்தம் வரும். தகரம் அதிராது, கண்ணாடி பேசாது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும்போதுகூட அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து வெளியே நிற்கும் காரின் கதவைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். பூட்டியிருக்கும் என்று தெரியும், ஆனாலும் ஒரு ஆசை. எஞ்சினைப் பற்றி நூறு பேர் அளப்பார்கள். கதவைச் சாத்தினதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த ஒரு நொடி மௌனத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பெரிய கார்கள் சீனாவில் விலைபோகாமல் நின்ற வருடம் ஞாபகம் இருக்கும். இங்கேயும் வாங்க ஆளில்லை. மைதானம் முழுக்கக் காராக நின்றது, நடுவில் முயல் குட்டி போட்டது. அப்போதுதான் டாக்டர் லுட்கர் ப்ரீஸ் கம்பெனித் தலைவராக வந்தார். அவர் ஒரே ஒரு முடிவு எடுத்தார். சின்ன மின்சாரக் கார் ஒன்று, ஹனோவரில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் தன் சம்பளத்தில் வாங்கும்படியான விலையில். குருவியின் பெயர் வைத்தார்கள், ஃபிங்க் என்று. அடுத்த வசந்த காலத்துக்குள் ஃபிங்க் ரோட்டுக்கு வந்தால் வங்கி கைகொடுக்கும், ஆல்டன்ரோடெ தொழிற்சாலை பிழைக்கும். வரவில்லையென்றால் பூட்டு. இதை உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் வெளிப்படையாகவே சொன்னார். வெள்ளிக்கிழமை, மீன் போட்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், மீனை வீணாக்கக் கூடாது.

அதே வாரம் அவர் பூங்கொத்தோடு என் அறைக்கு வந்தார். ஃபிங்க்தான் என் கடைசிக் கார் என்றார். அதற்கப்புறம் கதவுச் சத்தத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளுமாம், பிரிவை மூடிவிடுவார்களாம், எனக்கு முழு ஓய்வூதியமாம். "நிம்மதியா தோட்டத்தைப் பாத்துக்கிட்டு இருங்கம்மா" என்றார். நல்ல மனிதர். டூலிப் பூ. இதற்கும் நான் செய்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வரிசையாகச் சொல்லவேண்டுமே என்று சொல்கிறேன்.

நம் கம்பெனி விதி உங்களுக்குத் தெரியும். ஒரு காரை வெளியே விட எல்லாப் பிரிவுத் தலைவர்களும் சம்மதம் தரவேண்டும். ஒருவர் தரவேண்டிய சம்மதத்தை இன்னொருவர் தர முடியாது, தலைவரே ஆனாலும் முடியாது. கம்பெனியை ஆரம்பித்த கிழவர் ஹெல்வாக் அந்தக் காலத்தில் வைத்தது. பிரேக் பிரிவும் விளக்குப் பிரிவும் நானும் அந்த விஷயத்தில் ஒன்றுதான்.

முதல் ஃபிங்க் கதவைக் கொண்டு வந்தவர் டோர்பென் ரூஸ். நாற்பது வயது, கதவுகளிலேயே வளர்ந்த பொறியாளர், முகத்தில் எப்போதும் இப்போதுதான் மன்னிப்புக் கேட்டு முடித்த மாதிரி ஒரு களை. கதவைச் சாத்திக் காட்டினார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. "என்ன இன்னும் கொஞ்சம்?" என்று அவர் கேட்கவில்லை. நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

ரூஸ் கதவுக்குள்ளே கம்பளி வைத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். இரும்புத் தகடு வைத்தார். கதவு கனத்தது, அதனால் கீல் பெரிதாயிற்று. கீல் பெரிதானதால் அதைத் தாங்கும் தூண் பெரிதாயிற்று. கார் கனத்ததும் ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் போகும் தூரம் குறைந்தது, அதனால் மின்கலம் பிரிவு பெரிய மின்கலம் கேட்டது. அது வந்ததும் பிரேக் பிரிவு பெரிய பிரேக் கேட்டது. பிரேக்குக்கு ஏற்ற சக்கரம், சக்கரத்துக்கு ஏற்ற அகலம். ஒவ்வொருவரும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஃபிங்க் நம் தொழிற்சாலைக் கார் நிறுத்தத்தின் கோட்டுக்குள் நிற்கவில்லை. கோட்டை மாற்றி வரைந்தார்கள்.

விலையும் கூடவே ஏறியது. நர்ஸுக்கு எட்டாது என்றதும் விற்பனைப் பிரிவு கூடிப் பேசியது, இனி இது நர்ஸுக்கான கார் இல்லை, பல் டாக்டருக்கான கார் என்று. பல் டாக்டருக்கு என்றால் தோல் இருக்கை வேண்டாமா? சூடாகும் ஸ்டீயரிங் வேண்டாமா? பெயரை மட்டும் மாற்றவில்லை, விளம்பரம் அச்சாகியிருந்தது. இரண்டரை டன் குருவி.

வசந்த காலம் வந்து போயிற்று. வங்கி இலையுதிர் காலம் வரைக்கும் தவணை கொடுத்தது. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, மற்ற எல்லாப் பிரிவும் சம்மதம் கொடுத்தாயிற்று, பாக்கி நான் ஒருத்திதான் என்று.

தொழிலாளர் குழுத் தலைவர் ஹாரோ டாம்கே வந்தார். அவர் குரலுக்கு ஜன்னல் அதிரும், ஜன்னல் கண்ணாடியை நான் கையால் பிடித்துக்கொண்டேன்.

"ஓல்டர்மான் அம்மா, ஒம்பதாயிரம் குடும்பம். ஒரு கதவு. நான் வேற என்னத்தச் சொல்ல?"

"கதவு நாலு" என்றேன். விவரம் சரியாக இருக்கவேண்டும்.

"கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி நீங்க எங்க எல்லாரையும் சாத்திருவீங்க போலிருக்கே" என்று சொல்லிவிட்டு, என் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அவர் கோபத்தை அதில்தான் காட்டினார். என் அறைக் கதவை யாரும் ஓங்கிச் சாத்த மாட்டார்கள், மரியாதை.

டாக்டர் ப்ரீஸ் விதியையே மாற்றிவிடலாம் என்று ஒரு குழு போட்டார். குழு பல வாரம் உட்கார்ந்து பேசி, விதியை மாற்றவும் எல்லாப் பிரிவுத் தலைவர்களின் சம்மதமும் வேண்டும் என்று கண்டுபிடித்தது. என்னிடம் வந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிறகு ப்ரீஸ் தானே வந்தார், இந்தத் தடவை பூ இல்லை, ஒரு கட்டு வெள்ளை ஆஸ்பாரகஸ் தண்டு. முகம் அதைவிட வெளுத்திருந்தது. கதவில் என்னதான் குறை, ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதைச் சரிபண்ணிவிடுகிறோம் என்று கெஞ்சினார். குறை என்று இல்லை, இன்னும் வரவில்லை என்றேன். எது வரவில்லை என்று கேட்டார். அது வந்தால் தெரியும் என்றேன். தலையை ஆட்டினார். இருபது வருடம் படித்த மனிதர், என் காதை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்யலாமா?

என் மருமகன் ஹென்னிங் பொருத்துக்கூடத்தில் சக்கரம் மாட்டும் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு என் மகள் ஸில்க்கேயோடு வருவான். ஒரு ஞாயிறு, கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, போன வருஷம்தான் வீடு வாங்கினோம். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்ப்பா, அழகான வீடு."

"நீங்க தலைய ஆட்டினாப் போதும்."

"ஹென்னிங், வேலை வேற, குடும்பம் வேற. நாளைக்கு உனக்காகத்தான் சம்மதம் கொடுத்தேன்னு ஊர்ல பேசமாட்டாங்களா?"

ஸில்க்கே எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். ஹென்னிங்கின் கேக் அப்படியே அதில் இருந்தது. "அம்மா, நீ எதுக்குப் பயப்படற?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் சீனாக் கார் வந்தது. ஃபிங்க் எப்படி இருக்கவேண்டும் என்று முதலில் நினைத்தோமோ அதே அளவு, அதே விலை. நான் கடைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். பிஸ்கட் டப்பா மூடி மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் அதே கதவைத் திறந்தாள், சாத்தினாள், "நல்லாதான் இருக்கு" என்று கணவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் வாங்கிவிட்டாள். நர்ஸ் மாதிரிதான் தெரிந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஜனங்களின் காது கெட்டுவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

இலையுதிர் காலத்தில் வங்கி கையை விரித்தது. பல் டாக்டர்களும் யாரும் முன்பதிவு செய்யவில்லை, அவர்களும் சீனாக் காருக்குத்தான் போனார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். பெரிய வாயில், தூறல், நீள மேஜையில் சாவு வீட்டுக்கு வைக்கிற மாதிரி வெண்ணெய்க் கேக். டாம்கே பேச எழுந்தார், குரல் வரவில்லை. அவ்வளவு பெரிய குரல், எங்கே போயிற்றோ. கேக் கொஞ்சம் காய்ந்திருந்தது.

ரூஸ் இப்போது கோட்டிங்கனில் பஸ் ஓட்டுகிறாராம். அதில் கதவு தானாகத் திறந்து தானாக மூடும், உஸ்ஸென்று காற்று போகும், யாரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதியாக இருப்பதாக ஒரு கார்டு போட்டிருந்தார். ஹென்னிங் வீட்டை விற்றுவிட்டு பவேரியாவுக்குப் போய்விட்டான். ஸில்க்கே கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள், குழந்தைகள் நலம், மழை பெய்கிறது, வைக்கிறேன் என்று. பேச்சு சுருக்கமாக இருப்பதும் ஒரு ஒழுங்குதான்.

எனக்கு ஒரு லாபமும் இல்லை என்று நினைக்காதீர்கள், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிங்க் வேலை முடியவில்லை என்பதால் என் பிரிவை மூட முடியவில்லை. எல்லோரும் போன பிறகும் நான் மட்டும் தினமும் காலையில் இரண்டாம் மாடிக்குப் போனேன். விளக்கைப் போடுவேன். காபி இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் வீட்டிலிருந்தே கொண்டுபோவேன். கதவைச் சாத்திப் பார்ப்பேன். காலியான கட்டிடத்தில் சத்தம் நன்றாகக் கேட்கும். கடைசியில் கட்டிடத்தை வாங்கியவர்கள் வந்து சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். அவர்களும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கட்டுரை எழுதியவர் இதையெல்லாம் விட்டுவிட்டார். ஒரு தரத்துக்காக ஒருத்தி உறுதியாக நின்றாள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். நான் கம்பெனி பெயரைக் காப்பாற்றினேன். இன்றைக்கும் ஹெல்வாக் கதவு மோசம் என்று உலகத்தில் ஒருவர் சொல்ல முடியாது, அப்படி ஒரு கதவு வெளியே வரவே இல்லையே.

ரூஸ் கொண்டுவந்த அந்த முதல் கதவைப் பற்றி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கம்பளி கிடையாது, இரும்பு கிடையாது, லேசான சின்னக் கதவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன் என்றேன் அல்லவா, அப்படி ஒரு சத்தத்தை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. அவ்வளவு சுத்தம், அவ்வளவு நிறைவு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரூஸுக்குத் தெரியாமல் மூக்கைத் துடைத்தேன். அப்போதே தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்று செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சம்மதம் கொடுத்திருந்தால், புதன்கிழமை காலையில் நான் எங்கே போவேன்?

யாருக்காவது இப்படி ஒரு அனுபவம் இருக்கத்தான் செய்யும். கூச்சப்படாமல் சங்கத்து விலாசத்துக்கு எழுதிப் போடுங்கள். புது வீட்டு விலாசத்தையும் மறக்காமல் எழுதுங்கள், முக்கால்வாசிப் பேருக்கு மாறியிருக்குமே. எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றையும் படிப்பேன்.