எட்டில் ஒன்று

— நிறுத்தாத வைஷாலி. எங்கூட்டுக்காரர லாரி இடிச்ச அன்னைக்கு, ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னு ஆஸ்பத்திரியிலருந்து உனக்குத்தான் போன் போட்டேன். அப்புறம் நீ என்ன பண்ணுன?

— லேப்டாப்பத் திறந்தேன் லீலாக்கா. நம்ம ரத்ததானக் குழுவுக்கு நானே பைத்தான்ல எழுதின புரோகிராம் இருக்குல்ல, அதுல தேடினேன். யாரும் இல்லன்னு வந்துச்சு.

— நெசமாவே யாரும் இல்லையா?

— பேடக்கா, வேணாம். இப்ப எதுக்கு அது?

— நாப்பது நாளா எம்மூஞ்சியப் பாக்காமயே போற. சொல்லு கண்ணு.

— ஒருத்தர் இருந்தாருக்கா. கேசவமூர்த்தின்னு, அக்ரஹாரத்துல. ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம்.

— பத்து நிமிஷமா?

— போன வாரம்தான் லிஸ்ட்ட ஒண்ணொண்ணாப் பாத்தேன். அவர் பேருக்கு நேரா ஓ எழுத்துக்குப் பதிலா சைபர் இருந்துச்சு. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு அது வேற, இது வேற.

— காலைல பத்து மணிக்கு உங்கிட்டக் கேட்டேன். பெங்களூர்லருந்து ரத்தம் வந்து சேரயில மணி நாலு. மூணரைக்கே என் சுரேந்தர் போயிட்டாரு.

— தப்பு என்னுதுதான்க்கா. டைப் பண்றவங்களுக்குக் கை தவறத்தான் செய்யும். அதுக்குத்தான் புரோகிராம்ல செக் வைக்கறது. ரத்தம் மொத்தம் எட்டு குரூப். அடிச்சது அந்த எட்டுல ஒண்ணான்னு பாரு, இல்லன்னா திருப்பிக் கேளு. மூணு வரி, அவ்ளோதான். போன் நம்பருக்கு வெச்சேன். வயசுக்கு வெச்சேன். ரத்தத்துக்கு மட்டும் அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன்.

— இப்ப எழுதிட்டியா?

— எழுதிட்டேன். சைபர் அடிச்சா, தப்பு, மறுபடி அடிங்கன்னு கேக்கும். சரியா அடிக்கற வரைக்கும் நகர விடாது.

— அன்னைக்கும் அப்புடிக் கேட்டிருந்தா திருத்தியிருக்கலாம்.

— ஹௌதுக்கா, ஆமா. அதான் சொல்றேன், எம்மேல கோவப்படுங்க. திட்டுங்க. உங்க எதிர்ல நிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு.

— டைப் பண்ணுனது யாரு?

— தெரியலக்கா. ரத்தம் குடுக்கறவங்க பேர் பதிஞ்ச அந்தக் கேம்ப்ல நெறைய பேர் மாத்தி மாத்திப் பண்ணாங்க.

— நெறைய பேரா?

— ஆமாக்கா. யார்னு எப்படிச் சொல்றது? விடுங்க. செக் வைக்காதது நான். அத்தோட முடிஞ்சுது.

— கேசவமூர்த்தின்னா, நாமம் போட்டுக்கிட்டு, தடிக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்தாரே, அந்தப் பெரியவர்தான?

— அக்கா, பேடக்கா, அழாதீங்க.

— நீ அப்ப சாப்புடப் போயிருந்த கண்ணு. அவரு ரெண்டு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு, 'ஓ நெகட்டிவ்மா'ன்னு. நான்தான் அடிச்சேன்.