எங்கள் வைஃபை பாதுகாப்பானது

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிப்போகும். விசாரிக்க வந்தவர்களுக்கும் பசி தாகம் உண்டுதானே. இந்த நல்லரத்தினத்தின் விடுதிக்கு வந்த எவரும் முகம் வாடித் திரும்பியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகுதான் இது ஒரு விடுதியாக நிமிர்ந்தது. அதற்கு முன் வாவிக்கரையில் ஐந்து அறையும் ஈ ஓட்டுகிற வேலையும்தான். நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் எல்லோரும் சாவியை வாங்கும் முன்பே இன்டர்நெட்டைக் கேட்டார்கள். மட்டக்களப்பில் பலருக்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியாத நாளில் நான் அதை இங்கே பொருத்தினேன். கணினிக் கடை பாறூக் வந்து, எல்லாம் என் வரவேற்பு மேசைக் கணினி வழியாகப் போகும்படி செய்து தந்தான். யாராவது படம் இறக்கி மற்றவர்களின் வேகத்தைத் தின்கிறார்களா என்று பார்க்க ஒரு மென்பொருளும் போட்டான்.

அதில் படம் மட்டுமல்ல, கடிதங்களும் தெரிந்தன. அந்தக் காலத்தில் பாதிக் கடிதங்கள் தபாலட்டை மாதிரித் திறந்தபடிதான் போயின. தபாலட்டை கைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற மனிதன் உண்டா? வாசித்தேன். யாருக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்தால் காலையில் கஞ்சி வைப்பேன். யாருக்குப் பிறந்தநாள் என்று தெரிந்தால் கேக் வரும். எப்படித் தெரிந்தது என்று வாயைப் பிளப்பார்கள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

யசோதினி வந்தது போர் முடிந்த வருடக் கடைசியில். பெரியகல்லாற்றுப் பிள்ளை, ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. தாயைக் கடல் கொண்டுபோயிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊர் பேரைக் கேட்ட கையோடு தாய்வழிக் குடியையும் கேட்டேன். அவளும் என் குடிதான். ஒரே குடியென்றால் உடன்பிறப்பு, கலியாணம்கூட முடிக்க மாட்டோம். அதுவரை "சேர்" என்று கூப்பிட்டவள் அந்த இடத்திலேயே "அண்ணன்" என்றாள்.

"அண்ணன், இந்த வைஃபையில கடிதம் எழுதினா ஆரும் பாப்பாங்களா?"

"இஞ்ச ஆருகா பாக்கிற? பாஸ்வேட ஆருக்கும் சொல்லிராத. எழுதி முடிஞ்சா லொக் அவுட் பண்ணிட்டு எழும்பு. பின்னால ஆக்கள் வராத மாதிரிச் செவரோட இரி."

ஒவ்வொன்றும் சரியான புத்திமதி. எந்த நிபுணரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வேறு விடுதியென்றால் அவள் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள், படித்த பிள்ளை. அண்ணனிடம் யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

கனடாவில் இருந்த தோழிக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து எழுதினாள். யசோதினியின் தம்பி மதுரன் வன்னித் தடுப்பு முகாமிலிருந்து தப்பி வந்திருந்தான். வாழைச்சேனையில், கடதாசி ஆலைக்குப் பின்னால் அன்னப்பூரணி என்கிற தெரிந்த மனுசியின் வீட்டில் ஒளிந்திருந்தான். அவனை வெளிநாட்டுக்குப் படகில் ஏற்றிவிட வேண்டும். அவளுக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான். வாசிக்க எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. குடி முறைப்படி அவன் எனக்கும் தம்பியல்லவா. மாமாங்கேஸ்வரருக்கு அவன் பேரில் ஓர் அர்ச்சனையும் செய்தேன்.

பிறகு சாதாரண உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். என்னுடைய லைனிலிருந்து யாரோ படகுக்கு ஆள் ஏற்பாடு செய்கிறார்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் வாயை மூடியிருந்தால் அறை அறையாகப் போவார்கள், யசோதினி அகப்படுவாள். குமர்ப்பிள்ளை. அவளை நினைத்துத்தான் நடுங்கினேன். லைன் என் பேரில் இருந்தது, விடுதிக்குச் சீல் வைப்பார்கள் என்பதெல்லாம் பிறகுதான் யோசித்தேன். கொஞ்சம் பிறகு.

ஆலைக்குப் பின்னால் நீலக் கதவு போட்ட வீடு என்று சொன்னேன். எழுதியவர் யார் என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். விருந்தினரின் பேரை நான் எங்கும் சொல்வதில்லை.

மறுநாள் மதுரனைக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

யசோதினி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "என்ட தம்பிய ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்க அண்ணன்." நானும் அழுதேன், பொய்யழுகை இல்லை. என் வான் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு முகாம் முகாமாக அவனைத் தேடிப் போனேன். சாப்பிட மறுத்தவளைப் பேசிப் பேசிச் சாப்பிட வைத்தேன். அறைக்கு வாடகை வாங்கவில்லை.

அவளுடைய சந்தேகம் அன்னப்பூரணியில் விழுந்தது. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கடைசியில் அந்த மனுசி வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டாள். பாவம்தான். ஆனால் நான் வாய் திறந்தால், ஒரு விருந்தினரின் கடிதத்தை வாசித்த கதை வெளியே வருமே. நாணயமான விடுதிக்காரன் அப்படிச் செய்யலாமா?

கண்ட இடங்களில் இருந்து எழுதாதே, இஞ்ச வந்து எழுது என்று அவளுக்குச் சொல்லிவைத்தேன். வந்தாள். அடுத்த வருடம் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினாள். "இந்த ஊரில் நான் நம்புகிற ஒரே மனிசர் நல்லரத்தினம் அண்ணன்தான். அவர் இல்லாவிட்டால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்."

வரவேற்பு மேசையில் இருந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் என்னைக் குற்றவாளி என்று எழுதுவீர்கள், எழுதுங்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான் வாசிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பிள்ளை என்மேல் இவ்வளவு பாசம் வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?