காற்றின் மேல் போட்ட பழி

சிரிக்கிறான். தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் சிரிக்கிறான். தன்னைப் பேசவிடாமல் செய்வதற்கான சிரிப்பு இது என்று எமெல்டாவுக்குத் தெரியும். விபத்துக்குள்ளான விமானத்தை ஓட்டியவன் தம்பி. அதைப் பழுது பார்த்தவள் அவள்.

— என்னக்கா, எனக்குன்னு வாத்துக்கறி கொண்டாந்துட்டு நீயே தின்னுக்கிட்டிருக்க?

— டாக்டர் உனக்கு வெறும் சூப்புதான்னு சொல்லிட்டாரு, ஐசாயா.

— டாக்டர் பேச்ச நீ என்னைக்குக் கேட்டிருக்க... குடு, ஒரு துண்டு.

— இந்தா, மெதுவா. ஊரெல்லாம் உன் பேச்சுதான். உன் பிளேன்ல பிரசவத்துக்குக் கிளம்பின ஸ்டெல்லா இருக்காளே, புள்ளைக்கு உன் பேருதானாம்.

— பொண்ணு பொறந்தா?

— அப்பவும்தானாம்.

— பாவம், அந்தப் புள்ள.

— கடல் வத்தின சேத்துல பிளேனை இறக்கி, நாலு பேரையும் நடக்க வச்சுக் கூட்டியாந்திருக்க. அப்பா இருந்தா வீடு வீடாப் போய்ச் சொல்லியிருப்பாரு.

— மூக்கு குத்தி நின்னுச்சுக்கா. அதையும் சேத்துச் சொல்லியிருப்பாரு.

— நாளைக்கு விசாரணை அதிகாரி வர்றாரு.

— தெரியும்... போன்லயே சொல்லிட்டேன். விரிகுடா பக்கமிருந்து குறுக்குக் காத்து, நான் சமாளிக்கலன்னு. நீயும் அதையே சொல்லு.

— அன்னைக்கு ஓடுபாதைக் கொடிகூட ஆடலடா.

— நீ எங்க...

— பிளேன் கொட்டகை வாசல்ல நின்னு பாத்தேன். இடப்பக்கம் திரும்ப வேண்டியது வலப்பக்கம் சாயுது. பாத்த உடனே என் வேலதான்னு புரிஞ்சுருச்சு. நீ எப்பக் கண்டுபிடிச்ச?

— மூணாவது தடவ சாயறப்ப. அப்புறம் எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணினேன். கண்ணாடியப் பாத்து நம்ம முடிய நாமளே வெட்டுவோமே, அப்படி.

— எவ்வளவு நேரம்?

— பதினோரு நிமிஷம்.

— பதினோரு நிமிஷம்... அம்மாடி.

— அக்கா, நான் சொல்றதக் கேளு. இந்தக் கரையில உரிமம் வாங்கின மொத பொம்பள மெக்கானிக் நீ. இருபத்திரெண்டு வருஷம். பள்ளிக்கூடத்துல உன் படம் தொங்குது. இறக்கைய அசைக்கிற கம்பின்னு ஒரு வார்த்தை வந்தா உரிமம் போயிரும்.

— காத்துன்னா உன் பேரு போயிரும்.

— போகட்டுமே. காத்துல தடுமாறாத பைலட் எவன்?

— நான் புதுக்கம்பி மாட்டினதும், ரெண்டாவது ஆளா அசைச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டது நீ. பாத்தியா?

— இன்னொரு துண்டு குடுக்கா.

— ஐசாயா.

— இல்ல. அக்கா கை பட்ட கம்பி, அதப் போயி என்ன பாக்கறதுன்னு... பேனாவ மட்டுந்தான் எடுத்தேன். உம்மேல அவ்வளவு பெருமை எனக்கு.

— பாத்துட்டுப் பெருமைப்பட்டிருக்கலாம்.

— அதான் சொல்றேன், ரெண்டு பேருக்கும் நல்லது. காத்துன்னு சொல்லிரு. எனக்காக.

— மாட்டேன்டா. காலையிலேயே எழுதி வச்சுட்டேன். கம்பி ரெண்டையும் இடம் வலம் மாத்தி மாட்டினது நான்னு. அந்தப் பிளேனை ஒரு உசிரும் போகாம இறக்கினது என் தம்பின்னும் எழுதியிருக்கேன். உன் கையெழுத்தப் பத்தி மட்டும் எழுதல. கீழ இடம் விட்டிருக்கேன்... அத நீ எழுது.